ஜாடியில் சாய்ந்த சாம்பல் கட்டம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நம் வால் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். நானும் நன்றாகத்தான் இருக்கிறேன், இடது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. அது என்ன கதை என்று கீழே வருகிறது, பாதியில் போனை எடுத்துத் திட்டாதே, முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு. ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வானிலையைத் தவிர வேறு எதுவும் வாயில் வருவதில்லை. அங்கே மழையா, இங்கே வெயில், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அதிலேயே பத்து நிமிஷம் ஓடிவிடுகிறது. காகிதத்தில் அந்தச் சங்கடம் இல்லை, நான் தயங்கினால் அது காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாடியில் இருந்த குடும்பம் காலி செய்துகொண்டு போய்விட்டது. அந்தப் பிள்ளைகள் குதிக்கிற சத்தம் தாங்க முடியவில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை புலம்பியிருப்பேன், இப்போது மேலே ஒரு நாற்காலி நகர்கிற சத்தம்கூட இல்லை, ஆனாலும் சாயங்காலம் நான்கு மணி ஆனால் காது தானாக மேலே போகிறது. சமையலறைக் குழாய் சொட்டுவதை நானே வாஷர் மாற்றி நிறுத்திவிட்டேன், நிறுத்திய பிறகு அந்தச் சத்தமும் இல்லை. சரி, மணிக்கட்டுக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் வாசல் படியில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன், எலும்பு லேசாக விரிசல் விட்டு ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். அந்த ஆறு ஞாயிறும் நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தது குளிருக்காக அல்ல. நீ அங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும், பதறத்தான் முடியும், அதனால் சொல்லவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மறுபடி கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்துவிட்டு, வீட்ல யாராவது இருக்காங்களா சார், என்று கேட்டார். இருக்காங்க, இருக்காங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

கட்டைப் பிரித்த பிறகு விரல்கள் மரத்துப்போய் மடங்கவே இல்லை. கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னாள், எனக்குச் சலித்துப்போயிற்று, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, குரோஷா பின்னல் போடுங்க, நூலை இழுத்துப் பிடிக்கிற வேலை எல்லாம் இடது கைக்குத்தான், என்றாள். நூலகத்துப் பின்னறையில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கூட்டம் கூடுகிறது, ஆறு பெண்கள், இப்போது நான் ஒருத்தன். நடத்துகிறவர் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் மேட்ரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் குரலைக் கேட்டால் நோயாளி தானாக எழுந்து உட்கார்ந்துவிடுவான். முதல் நாள் நான் ஊசியைப் பிடித்த பிடியைப் பார்த்துவிட்டு, சார், அது பேனா இல்ல, எங்கயும் ஓடிப்போயிடாது, கொஞ்சம் தளர விடுங்க, என்றார். ஒரு மாதம் நான் போட்டதெல்லாம் அட்டை மாதிரி விறைப்பாக வந்தது. ஒன்றைச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன், நன்றாக உழைக்கிறது. பிறகு கை இளகிவிட்டது. அப்போதுதான் நம் வால் வரைந்த படத்தை நீ தபாலில் அனுப்பியிருந்தாய், எங்க வீடு என்று பின்னால் எழுதி. அதைப் பார்த்த மேட்ரன், இதையே போர்வையா போட்டுக் குடுங்களேன் சார், பேத்தி ஆயுசுக்கும் போத்திக்குவா, என்றார். அவளுக்கு ஆறு வயது முடிகிற நாளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நானும் துணிந்து இறங்கிவிட்டேன்.

இந்த வேலை எப்படி என்று சொல்கிறேன், கேள், இது உன் அப்பாவின் தொழிலுக்குத் தூரத்து உறவுதான். படத்தின் மேல் கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும், ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. அகலத்தில் நூற்றுப்பத்து, உயரத்தில் நூற்று நாற்பது வரிசை. கீழே தரையில் ஆரம்பித்து மேலே கூரைக்குப் போக வேண்டும். ஒரு வரிசையை வலமிருந்து இடமாகப் படித்தால் அடுத்ததை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் துணியைத் திருப்பிக்கொண்டு வருகிறோம். நிறம் மாறுகிற இடத்தில் கண்ணியின் கடைசி இழுப்பிலேயே அடுத்த நிறத்தைப் பிடித்துவிட வேண்டும், முடித்துவிட்டு மாற்றினால் பழைய நிறம் பக்கத்துக் கட்டத்தில் எட்டிப் பார்க்கும். ஒன்பது நிறம். ஒவ்வொன்றையும் துணி மாட்டுகிற கிளிப்பில் சுற்றிப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை நடக்கும்போது அத்தனையும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு தொங்கும், பத்து வரிசைக்கு ஒரு தடவை உட்கார்ந்து சிக்கெடுக்க வேண்டும். என் பழைய வரைபலகையைப் பரணிலிருந்து இறக்கிச் சாப்பாட்டு மேசையில் சாய்த்து வைத்து, கட்டத்தாளை அதில் குத்தி, எந்த வரிசையில் இருக்கிறேனோ அதற்குக் கீழே இரும்பு ஸ்கேலை வைத்துக்கொள்கிறேன். நான்கு பேர் மேசையில் மூன்று பேர் இடத்தைப் பலகை எடுத்துக்கொண்டுவிட்டது, எனக்கு ஒரு மூலை போதும். மாப்பிள்ளைக்கு அவள் பச்சைத் தலைமுடி போட்டிருக்கிறாள். அதை நான் திருத்தவில்லை, பச்சையாகவேதான் வரப்போகிறது, அவரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

அவள் படத்தை நீயும் கவனித்திருப்பாய். வீட்டின் முன்சுவரை எடுத்துவிட்ட மாதிரி வரைந்திருக்கிறாள். உள்ளே சாப்பாட்டு மேசை, அதன் மேல் உன் அம்மா உனக்கு வாங்கிக் கொடுத்த நீலக்கோட்டு ஜாடி, மேசையைச் சுற்றி நீங்கள் மூன்று பேர். இடது பக்கம் முழுக்க ஒரு பெரிய சூரியன், வீட்டுக்குள்ளேயே. மேசைக்கு அடியில் ஒரு பந்து. ஜாடியை ஒட்டிப் பென்சிலால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதற்குள் என்னவோ கிறுக்கல். இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். நில அளவை அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வரைவாளனாக உட்கார்ந்திருந்தேன், சேர்ந்த முதல் வாரம் எங்கள் தலைமை வரைவாளர் சொல்லிக்கொடுத்தது இன்னும் கையிலேயே இருக்கிறது. அசையறத வரையாதே தம்பி, நாளைக்கு அது அங்க இருக்காது, என்பார். சுவர் உண்டு, கிணறு உண்டு, மரம்கூட உண்டு, நிறுத்தி வைத்த வண்டி கிடையாது, கட்டிப்போட்ட மாடு கிடையாது. நீ இரண்டாம் வகுப்பில் நம் தெருவை வரைந்தபோது, வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளை அழிக்கச் சொல்லி உன்னை அழவைத்தேனே, நினைவிருக்கிறதா? அதே புத்தி. குழந்தை படத்தைக் கட்டத்தாளில் ஏற்றும்போது மனிதர்களை விட்டுவைத்தேன், அந்த அளவுக்கு அறிவு இருந்தது. பந்தை எடுத்துவிட்டேன், உருண்டு போகிற பொருள்தானே என்று. சாம்பல் பெட்டியையும் எடுத்துவிட்டேன். யாரோ மேசையில் வைத்துவிட்டு மறந்த சாமான், நாளைக்கு வேறு இடத்தில் இருக்கும், அதற்காக ஒரு தனி கிளிப் வேறா என்று நினைத்தேன். கோணலாக இருந்த மேசைக்காலையும் நிமிர்த்தி வைத்தேன். தாளைப் பார்க்க ரொம்பச் சுத்தமாக இருந்தது.

அப்புறம் இரண்டு மாதம் இதே வேலைதான். காலையில் ஒரு நடை, கடை, சமையல் எல்லாம் முடித்துவிட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தால் வெளிச்சம் போகிறவரை கண்ணி எண்ணுவேன். வாய்விட்டு எண்ணினால்தான் தப்பு வராது. நீலம் பதினான்கு, மஞ்சள் இருபத்திரண்டு, மறுபடி நீலம் மூன்று. ஒரு புதன்கிழமை மின்கணக்கு எடுக்க வந்த ஆள் கதவைத் தட்டி மீட்டர் எங்கே என்று கேட்டார், பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வருகிறது. யோசித்துப் பார்த்தேன், திங்கட்கிழமையிலிருந்து நான் பேசியது எண்களை மட்டும்தான். மேட்ரன் காய்ச்சல் என்று அந்தச் செவ்வாய் கூட்டம் நடக்கவில்லை. அந்த மீட்டர் ஆளிடம் போர்வையை விரித்துக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், இரண்டு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, நல்லா இருக்கு சார், இது யாரு பச்ச முடி, என்று கேட்டார். எங்க மாப்பிள்ளை என்று சொன்னேன், பெருமையாகத்தான் இருந்தது.

மருந்துக்கடைக்காரரின் தம்பி உங்கள் ஊருக்குப் போகிறார், போன மாதம் இருபதாம் தேதி விமானம், பெட்டியில் இடம் இருக்கிறது, கொண்டுபோய் உன் வீட்டிலேயே கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். எனக்குக் கணக்கு சரியாக இருந்தது. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு நூற்று இருபத்தொன்றாவது வரிசையில் இருந்தேன், கூரை சரிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் ஆறேழு நாள் வேலை. அன்றைக்குத்தான் நீ அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனை வாலிடம் விட்டுவிட்டுப் போனாய். அவளுக்கு மட்டும் காட்டலாம் என்று ஆசை வந்து போர்வையைத் தூக்கிப் பிடித்தேன். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு விரலை நீட்டி எண்ணினாள். அம்மா, அப்பா, நான், ஜாடி, சூரியன். பந்து எங்கே என்றாள், உருண்டு வெளியில் போய்விட்டது என்றேன், சரி போகட்டும் என்று பெரிய மனது பண்ணினாள். அப்புறம், தாத்தா எங்க, என்றாள். தாத்தா படத்துல இல்லையேம்மா என்று சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இருக்கீங்களே, மேச மேல இருக்கீங்களே, ஜாடியில சாஞ்சுக்கிட்டு, என்று கத்தினாள். அதற்குள் நீ வந்துவிட்டாய், என்ன சத்தம் என்று கேட்டாய், ஒன்றுமில்லை என்று நான் சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு அவள் படத்தை எடுத்து ஜன்னலிடம் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சாம்பல் பெட்டிக்குள் நான் கிறுக்கல் என்று நினைத்தது ஒரு வட்டம், அதில் இரண்டு புள்ளி, புள்ளிகளைச் சுற்றிக் கண்ணாடி, கீழே ஒரு கோடு. நீ ஞாயிறுதோறும் போனை அந்த ஜாடியில் சாய்த்து வைக்கிறாயாமே, எனக்கு எப்படித் தெரியும், நான்தான் அதற்குள் இருக்கிறேனே. அவள் என்னை நீ வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள், உங்கள் மூன்று பேரோடு மேசையில், சாப்பாட்டு நேரத்தில். என்னை எடுத்தது நான்தான், என் கையால், ரப்பரை வைத்துத் தேய்த்து. அன்றைக்கு அழுதேன், அம்மாடி. மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது.

மேட்ரனிடம் கொண்டுபோனேன். இதுக்குப் போயி யாராவது பிரிப்பாங்களா, சின்னதா ஒரு துண்டு போட்டு மேல வச்சுத் தைச்சுடலாம் சார், என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எங்கள் அலுவலகத்தில் தப்பு வந்தால் மேலே தாள் ஒட்டக் கூடாது, பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் வரைய வேண்டும். அதோடு நம் வாலைப் பற்றி எனக்குத் தெரியும், ஒட்டுப்போட்ட எதையும் நகத்தால் நோண்டி எடுத்துவிடுவாள். மேசை மட்டம் ஐம்பத்தெட்டாவது வரிசை. அறுபத்து மூன்று வரிசையைப் பிரித்தேன். கடைசியில் முடித்ததுதான் முதலில் பிரியும், கூரை போயிற்று, மாப்பிள்ளையின் பச்சை முடி போயிற்று, ஒன்பது நிறத்தையும் அதது கிளிப்பில் சுற்றிச் சுற்றிக் கை கடுத்துவிட்டது. உன் முகம் வந்தபோது சிவப்பில் நான்கே கண்ணி, அதுதான் உன் வாய். அதை இழுத்தவுடன் மேலே பிரிக்க மனம் வராமல் எழுந்துபோய்க் கொடியில் கிடந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். பிரித்த நூல் எல்லாம் சுருண்டு சுருண்டு நின்றது, நனைத்து, நுனியில் கரண்டியைக் கட்டிக் குளியலறையில் தொங்கவிட்டேன். இருபதாம் தேதி மருந்துக்கடைக்காரரின் தம்பி பெட்டியில் இடம் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். இல்லை, இன்னும் முடியவில்லை என்று சொன்னேன்.

இப்போது நூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் இருக்கிறேன். சாம்பல் கட்டம் நன்றாக வந்திருக்கிறது, எட்டுக் கண்ணி அகலம், பத்து வரிசை உயரம். கண்ணாடியெல்லாம் அதில் அடங்கவில்லை, கறுப்பில் இரண்டு புள்ளிதான். பந்தையும் விடவில்லை, அது அடியில் போய்விட்டதால் பிரிக்க முடியாமல் தனியாக ஒரு உருண்டை போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் விளையாடட்டும். மேசைக்கால் நிமிர்ந்தே இருக்கிறது, அதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று அவளிடம் சொல். பத்து நாளில் வேலை முடிந்துவிடும். அவள் பிறந்த நாளுக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது, தபாலில் போட்டால் தாராளமாக வந்து சேரும். தபாலில் போட எனக்கு மனமில்லை. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கமும்.

நீ மூன்று வருஷம் என்னைக் கூப்பிட்டாய். முதல் வருஷம் கூரை ஒழுகுகிறது என்றேன், அடுத்த வருஷம் கண் ஆபரேஷன் என்றேன், அதற்கடுத்த வருஷம் செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டேன். இருப்பது இரண்டே தொட்டி, உனக்கும் தெரியும். உண்மையான காரணம் உன் அம்மா. அவள் உயிரோடு இருந்தபோது உன்னிடம் வர எத்தனை ஆசைப்பட்டாள், நான்தான் இந்த அளவை முடியட்டும், அந்த வரைபடம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டேன். அவளைக் கூட்டிக்கொண்டு வராதவன் தனியாக எந்த முகத்தோடு வந்து உன் மேசையில் உட்காருவது? இன்னொரு பயமும் இருந்தது. அங்கே நீங்கள் மூன்று பேரும் நிறைவாக இருக்கிறீர்கள், நான் வந்தால் எந்த நாற்காலியில் உட்காருவது என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருக்குமோ என்று. இந்த வருஷம் நீ கேட்கவில்லை. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார், நீ என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். நானும் கவனிக்காத மாதிரி வானிலைக்குப் போய்விட்டேன். உன் மேல் தப்பே இல்லை, மூன்று தடவை கேட்டவள் நான்காவது தடவையும் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி. போனில் தெரிகிறதை வைத்து உன் வீட்டுக்கு ஒரு தளவரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். மேலே தொங்குகிற விளக்கு, பாதி குளிர்சாதனப் பெட்டி, சமையலறைக்குப் போகிற வழி, நீ எத்தனை எட்டில் போகிறாய் என்று எண்ணித் தூரமும் போட்டிருக்கிறேன். இடது பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. போன் சாய்ந்திருக்கிற கோணத்தில் அது தெரிவதில்லை, நான் எட்டிப் பார்க்க முடியாது. வாலின் படத்தில் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் அங்கே அவள் சூரியனை வைத்துவிட்டாள். மகள் குடியிருக்கிற வீட்டின் ஒரு சுவர் தெரியாத வரைவாளன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதனால் இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே, ஞாயிற்றுக்கிழமை நான் வானிலை பேசிவிடுவேன். நடுவில் ஒரு நாள், நான் எதிர்பார்க்காத நேரத்தில் கூப்பிட்டு, வாங்கப்பா என்று மட்டும் சொல். செடித்தொட்டி இரண்டையும் மருந்துக்கடையில் வைப்பதற்குப் பேசிவிட்டேன். பாஸ்போர்ட்டுக்குப் படம்கூட எடுத்தாயிற்று, படம் பிடித்தவர் சிரிக்காதீங்க சார் என்று சொல்ல வேண்டியிருந்தது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று நின்றுகொண்டே தின்னாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. வாலுக்கு நூறு முத்தம், கண்ணி எண்ணுவது மாதிரி எண்ணிக் கொடு, ஒன்றும் குறையக் கூடாது. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாமலும் இருக்க உன் அம்மா சார்பிலும் சேர்த்து ஆசீர்வதிக்கிறேன்.

மறந்துவிடாதே, இடது பக்கச் சுவரில் என்ன இருக்கிறது என்று பதிலில் எழுதிவிடாதே. வந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன்னுடைய,
அப்பா